உப்பு போட்ட பனி

ஊன்றுகோலின் கைப்பிடி ஈரமாக இருந்தது.

கையில் எடுத்த பிறகுதான் நோரீனுக்கு அது உறைத்தது. தண்ணீர் பட்ட ஈரமில்லை. வழவழவென்று, விரலோடு ஒட்டி நூலாக இழுபட்டு, இன்னும் இளஞ்சூடு ஆறாமல் இருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் இரண்டு கோல்களையும் பாறையில் சாய்த்துவிட்டுப் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் பக்கத்துச் சிற்றோடைக்குப் போயிருந்தாள். ஆறு மணி நேர ஏற்றத்தில் அவள் உள்ளங்கை வியர்வையையெல்லாம் குடித்து வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்த கைப்பிடி, இப்போது யாரோ உட்கார்ந்து தேய்த்துக் கழுவி வைத்த மாதிரி கறுகறுவென்று பளபளத்தது. மூக்கருகே கொண்டுபோனாள். புளித்த புல் வாடை. சீ என்று கையை உதறினாள், கால்சட்டையில் துடைத்தாள், அதுவும் போதாமல் மண்ணில் தேய்த்தாள்.

"வென்டல், இங்க வந்து பாரேன். என் கோலை ஏதோ நக்கி வெச்சிருக்கு!"

அவள் புருஷன் பனித்திட்டின் ஓரத்தில் உட்கார்ந்து சறுக்குப் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஆடாயிருக்கும். உனக்கு முத்தம் குடுக்க வந்திருக்கு. ஆளைக் காணோம்னதும் கோலுக்குக் குடுத்துட்டுப் போயிடுச்சு."

"வாயைக் கழுவு. எனக்குக் குமட்டுது."

"வெனாச்சி ஊர்ல பாதிப் பேர் வாயில கையை விட்ட மகராசி நீ. ஒரு ஆட்டு எச்சிலுக்கா இந்தப் பாடு?"

சொன்னது வாஸ்தவம். பல் மருத்துவர் ஒருவரிடம் இருபத்திரண்டு வருஷமாக ஊரார் பல்லைச் சுத்தம் செய்வதுதான் நோரீனின் பிழைப்பு. எச்சில், சீழ், ஈறில் கசியும் ரத்தம் எல்லாம் பார்த்தவள்தான். ஆனால் அதெல்லாம் கையுறைக்கு அந்தப் பக்கம் இருந்தவை. இது வெறுங்கையில் ஒட்டியது. எவ்வளவு துடைத்தும் அந்த வாடை விரலிடுக்கை விட்டுப் போகவில்லை.

அன்று ஆகஸ்ட் முப்பத்தொன்று. அந்த மலைச்சீமையில் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்தவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தில் பன்னிரண்டு மாதமும், மாதம் ஒருமுறையாவது பனியில் இறங்கிவிட வேண்டும். பத்துத் திருப்பமாவது போட வேண்டும். ஒரு மாதம் விட்டாலும் தொடர் அறுந்தது அறுந்ததுதான். ஆகஸ்டும் செப்டம்பரும்தான் கண்டம். ஊரெல்லாம் ஆப்பிள் பழுத்துக் கிடக்கிற நேரத்தில் எங்கேயோ ஒரு வடக்குச் சரிவில் மிச்சம் கிடக்கும் அழுக்குப் பனியைத் தேடிச் சறுக்குப் பலகையை முதுகில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்க வேண்டும். வென்டல் பதினான்கு வருஷமாக ஒரு மாதம் விடவில்லை. நோரீனின் அப்பாவை அடக்கம் செய்த மறுநாள்கூட மனுஷன் போய்ச் சறுக்கிவிட்டுத்தான் வந்தான். அதை அவள் வாய்விட்டுச் சொல்லிக் காட்டியதில்லை, மறந்ததுமில்லை.

இந்த மாதம் முதலில் அவன் முழங்கால் வீங்கியது. பிறகு காட்டுத்தீ வந்தது. பத்து நாளாகப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே புகை. கடைசி நாளன்று புகை லேசாக விலகியதும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

அவள் முதுகில் இருபது பவுண்டு கல்லுப்பு இருந்தது. அது அவளுடைய யோசனைதான். கோடையில் பனி கஞ்சியாகிவிடும். பலகை அதில் புதைந்தால் முழங்கால் திருகிக்கொள்ளும், பிறகு ஒரு மாதத்துக்கு அவன் முனகலை அவள்தான் கேட்க வேண்டும். பந்தயப் பயிற்சி முகாம்களில் கோடைப் பனியின்மேல் உப்புத் தூவுவார்கள். தூவிய கொஞ்ச நேரத்தில் கஞ்சி இறுகிக் கெட்டிப் பரப்பாகிவிடும். வென்டல் இளவயதில் அந்த முகாம்களில் உப்பு வீசுகிற வேலை செய்தவன். மலைக்கு உப்புக் கொண்டுபோகலாமா என்று அவன் இழுத்தபோது, "பத்துத் திருப்பத்துக்குத்தானே, யாருக்குத் தெரியப்போவுது?" என்று மூட்டையை வாங்கி வந்ததும் அவளேதான்.

பாதை தொடங்கும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நட்டிருந்தது. மலையாடுகள் உப்புக்கு அலைபவை, பாதையோரம் சிறுநீர் கழிக்காதீர்கள், வியர்த்த துணியை வெளியே போடாதீர்கள், ஐம்பது கஜம் தள்ளி நில்லுங்கள் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பாதி வழியில் இறங்கி வந்த ஒரு கிழவர் தன் சட்டையை விரித்துக் காட்டினார். இரண்டு கக்கத்திலும் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"காயப் போட்டேன். கக்கத்தை மட்டும் சப்பித் தின்னுட்டுப் போயிடுச்சு. வெட்கங்கெட்ட ஜென்மங்க. கல்லால அடிச்சேன், அந்தக் கல்லையும் நக்குது!"

"இதுங்க இந்த மலையிலயே பொறந்ததில்லம்மா," என்றான் வென்டல், அவர் போன பிறகு. "கடலோர மலையில ஆளுங்க மூத்திரத்துக்கு ருசி கண்டு, கடைசியில ஆளையே முட்ட ஆரம்பிச்சுதுங்க. கண்ணைக் கட்டி ஹெலிகாப்டர்ல தொங்கவிட்டு இங்க கொண்டாந்து விட்டாங்க. நம்ம புண்ணியம்."

இப்போது மேலே புகை மறுபடி கவிந்துகொண்டிருந்தது. உச்சிவெயில் நேரம், ஆனால் சூரியன் பழுத்த ஆரஞ்சு நிறத்தில், கண் கூசாமல் பார்க்கிற மாதிரி மங்கித் தொங்கியது. காற்றில் எரிந்த பைன் வாடை. பனித்திட்டு தெருவில் மூன்று நாள் கிடந்த துணி மாதிரி இருந்தது. மேலெல்லாம் குழிகுழியாக, புழுதியும் சாம்பலும் செத்த பூச்சியும், நடுநடுவே இளஞ்சிவப்பாகப் படர்ந்த பாசியும். இதற்கா ஆறு மணி நேரம் ஏறினோம் என்று அவளுக்கு அலுப்பாக வந்தது.

திட்டின் அடியில், பனி முடிந்து பாறை தொடங்கும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு பிளவு ஓடியது. ஒரு ஆள் இடுப்பு அகலம் இருக்கும். உள்ளே இருட்டு. கீழே எங்கோ பனிக்கடியில் ஓடை ஓடுகிற சத்தம். பிளவின் வாயிலிருந்து குளிர்ந்த ஈரக் காற்று ஊதிக்கொண்டே இருந்தது.

"நான் மேலேர்ந்து வீசிக்கிட்டு வர்றேன். நீ நடுவுல வீசு," என்றான் வென்டல், தன் பைக்குள் கொஞ்சம் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே. "கோழிக்குத் தீனி போடுற மாதிரி வீசணும், கொட்டக்கூடாது. அப்புறம், கீழ்க்கடைசியில மட்டும் போட்டுடாதே. அங்க மெத்துன்னு இருந்தாத்தான் நான் நிக்க முடியும்."

அவள் வீசினாள். கை எரிந்தது. நகக்கண்ணில் உப்பு ஏறியது. புகையில் தொண்டை கரகரத்தது. வீசி முடித்துப் பார்த்தால் மூட்டையில் இன்னும் பாதி. இதைத் திரும்பச் சுமந்துகொண்டு ஆறு மணி நேரம் இறங்க வேண்டுமா? வென்டல் மேலே முதுகைக் காட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தான். அவள் கீழ்க்கடைசிக்குப் போய், பிளவுக்கு மேலே, மிச்சம் முழுவதையும் கொட்டி, பூட்ஸால் நிரவிவிட்டாள். கொஞ்சம் பிளவுக்குள்ளும் சரிந்தது. இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் பனி கல்லாக இறுகிவிட்டது.

வென்டல் அரைக்கால்சட்டையும் பனியனுமாக இறங்கினான். கோடையில் எல்லோரும் அப்படித்தான் சறுக்குவார்கள். அவள் கீழே பக்கத்துப் பாறையில் நின்று உரக்க எண்ணினாள். நான்கு. ஐந்து. அழகாகத்தான் வந்தான், ஐம்பது வயசு ஆள் மாதிரியே இல்லை. எட்டு. ஒன்பது. பத்து! கையைத் தூக்கி ஒரு கூச்சல் போட்டான். பிறகு நிற்பதற்காகப் பலகையைக் குறுக்கே திருப்பினான். கிறீச்சென்று ஒரு சத்தம், ஈறில் இரும்புக் கம்பி இழுத்த மாதிரி. பலகை பிடிக்கவில்லை.

விழுந்தான். பக்கவாட்டில், வெறுங்காலும் வெறுங்கையும் அந்த முரட்டுப் பனிக்கட்டியில் உரசிக்கொண்டே வழுக்கினான். இரண்டு பலகையும் கழன்று தெறித்தன. கால் முன்னே போக, பிளவுக்குள் இடுப்புவரை இறங்கி, அப்படியே செருகி நின்றான்.

அவள் ஓடிப்போனாள். இழுத்தாள். அசையவில்லை. அவன் போட்ட அலறலில் கையை விட்டுவிட்டாள். உள்ளே பூட்ஸ் இரண்டும் எங்கோ பாறையில் மாட்டிக்கொண்டிருந்தன. இடது கை தோள் முதல் மணிக்கட்டு வரை தோல் உரிந்து, ரத்தம் பொட்டுப்பொட்டாகக் கசிந்தது. அதன்மேல் உப்பு.

"கால் எப்படி இருக்கு?"

"ரெண்டும் உரிஞ்சுபோச்சுன்னு நெனைக்கிறேன். இடது கால் ஒடிஞ்சிருக்கு. எரியுது நோரீன், ஐயோ, தீயா எரியுது! மேலேர்ந்து உப்புத் தண்ணி காலு மேலேயே வடியுது."

செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும் சின்னக் கருவியை அவள் அழுத்தினாள். இருபது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. புகையில் ஹெலிகாப்டர் பறக்காது, மீட்புக் குழு நடந்து வருகிறது, ஆறு மணி நேரம் ஆகலாம், அவரை விழிக்க வைத்திருங்கள். மணி ஒன்றரை. தன்னிடமிருந்த கம்பளிச் சட்டை, மழைச் சட்டை எல்லாவற்றையும் அவன்மேல் சுற்றினாள். ஆறு மணி நேரம். பார்த்துக்கொண்டால் பிழைத்துவிடுவான். காலும் பிழைத்துவிடும்.

அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது.

சர்ர்க். சர்ர்க். மரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல நிதானமான சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். பனித்திட்டின் உச்சியில் ஒரு மலையாடு, தலையைக் குனிந்து, பனியை நக்கிக்கொண்டிருந்தது. அழுக்கு வெள்ளை. போன குளிர்கால ரோமம் இன்னும் உதிர்ந்து முடியாமல் கொத்துக்கொத்தாக விலாவில் தொங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. புகைக்குள்ளிருந்து இன்னும் இரண்டு. பதினொன்றுவரை எண்ணினாள். ஒன்றுகூடக் கத்தவில்லை. குட்டிகூட வாயைத் திறந்து ஒரு சத்தம் எழுப்பவில்லை. நாக்குச் சத்தம் மட்டும்தான்.

அவை உப்பின் வழியே இறங்கி வந்தன. வென்டல் போட்ட முதல் திருப்பம், இரண்டாம் திருப்பம் என்று அவன் தடத்தை ஒட்டியே, வளைந்து வளைந்து, நக்கிக்கொண்டே வந்தன. அவசரமே இல்லை.

"ஏய்! போ! ச்சூ!" நோரீன் கோலை ஓங்கினாள். முன்னால் வந்த பெரிய ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. காதில் மஞ்சள் அட்டை. கழுத்தில் பட்டை ஒன்று சதைக்குள் புதைந்து, சுற்றிலும் சீழ் வடிந்து காய்ந்திருந்தது. கண் மஞ்சளாக, எதையும் கேட்காத கண். பிறகு குனிந்து மறுபடி நக்கியது.

"கல்லை எடுத்து அடி," என்றான் வென்டல்.

அடித்தாள். விலாவில் பட்டுத் தொப்பென்று விழுந்தது. ஆடு கல்லை முகர்ந்தது. அவள் கை பட்ட இடத்தை நக்கியது.

மூன்று மணிக்கு அவை சுற்றி நின்றன. அந்த வாடை இப்போது எட்டத்திலிருந்து வரவில்லை, வாய்க்குள்ளேயே இருந்தது. புளித்த புல், ஈரக் கம்பளி, கெட்டுப்போன பால். அவள் ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் ஒன்று நெருங்கியது. திரும்பினாள். ஒரு பெட்டை ஆடு வென்டலின் இடது முழங்கையில் வாயை வைத்துவிட்டிருந்தது. நாக்கு சாம்பல் நிறம், நுனி கறுப்பு. கையளவு நீளம். தோல் உரிந்த சதைமேல் அது கீழிருந்து மேலாக ஒருதரம் போனது, மெதுவாக, அழுத்தி. அந்த இடத்தில் ரத்தப் பொட்டு எதுவும் மிஞ்சவில்லை.

"ஐயோ! எடு! எடு அதை!"

மூக்கில் ஓங்கிக் குத்தினாள். ஆடு ஓரடி பின்வாங்கி வாயைத் திறந்து மூடியது. பழக்கதோஷம், அவள் கண் பல்லைத்தான் பார்த்தது. மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. வெறும் ஈறு, காய்த்துப்போன பட்டை. இதுகளால் கடித்துப் பிய்க்க முடியாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நக்கத்தான் முடியும். நக்குவது மட்டும்தான். அதைச் சொல்லிக்கொண்டே பாறையோரம் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்து நிமிர்வதற்குள் இரண்டு குட்டிகள் வந்து அதையும் நக்கத் தொடங்கிவிட்டன.

அதைப் பார்த்துத்தான் அவளுக்கு யோசனை வந்தது.

"வென்டல், கண்ணை மூடிக்கோ."

"என்ன பண்ணப்போற?"

"நீ பார்க்க வேண்டியதில்ல."

நாற்பதடி தள்ளி, ஒரு தட்டைப் பாறைமேல் குந்தினாள். முடிப்பதற்குள்ளேயே பின்னால் சூடான மூச்சு பட்டது. கால்சட்டையை மேலே இழுத்துக்கொண்டு தடுமாறி விலகினாள். பதினொன்றும் அந்தப் பாறையைச் சூழ்ந்து, ஒன்றையொன்று தோளால் நெட்டித் தள்ளி, கொம்பு உரச, பாறை காயும்வரை நக்கின. சப்தம் அவள் காதுக்குள்ளேயே கேட்டது. தன் உடம்பிலிருந்து போன ஒன்றுக்கு இப்படி ஒரு சண்டை. உடம்பு முழுக்கக் கூசியது. ஆனால் பத்து நிமிஷம் கிடைத்தது. பத்து நிமிஷம் அவன் கை நிம்மதியாக இருந்தது.

பாட்டில் பாட்டிலாகச் சிற்றோடைத் தண்ணீரைக் குடித்தாள். குடித்துக் குடித்து மூன்று முறை அதே வேலையைச் செய்தாள். வெட்கம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. வென்டல் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டே, "இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு, நீ எனக்குச் செஞ்ச பெரிய உபகாரம் இதுதான்," என்றான். இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஒரு குட்டி அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது. ஓங்கி அறைந்தாள்.

ஐந்து மணிக்கு அவை போயின.

பெரிய ஆடு முதலில் திரும்பியது. பனித்திட்டுக்குக் கீழே பாறை செங்குத்தாக இறங்குகிறது. மனுஷன் எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். அதன் விளிம்பில் நின்று ஒரு தரம் முகர்ந்துவிட்டு, படியில் இறங்குவதுபோல இறங்கிப் போனது. பின்னாலேயே மற்றவை. கடைசிக் குட்டியும் விளிம்பைத் தாண்டி மறைந்தது. நோரீன் கோலை ஓங்கியபடியே கால்மணி நேரம் நின்றாள். எதுவும் திரும்பி வரவில்லை.

"போயிடுச்சுங்க! வென்டல், போயே போயிடுச்சுங்க!"

"நெஜமாவா?"

"எல்லாத்தையும் நக்கித் தீர்த்துட்டுப் போயிடுச்சுங்க. சனியன் விட்டுது."

அவன் எதிரில் பனியில் குப்புறப் படுத்து அவன் இரண்டு கையையும் தன் கைகளால் பிடித்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. இன்னும் இரண்டரை மணி நேரம். பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆப்பிள் வற்றலை மென்று அவன் வாயில் வைத்தாள். மகளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி, எதிர்வீட்டு நாயைப் பற்றி, குளியலறைக் குழாயைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாள். பேச்சு தீர்ந்த ஒரு இடத்தில் அதுவும் வெளியே வந்துவிட்டது.

"கீழ்க்கடைசியில உப்பைக் கொட்டினது நான்தான் வென்டல். சுமக்க முடியாம கொட்டினேன். நீ சொல்லியும் கொட்டினேன்."

அவன் வாயிலிருந்த வற்றலை மென்று விழுங்கினான்.

"மேலேர்ந்து பார்த்தப்பவே வெள்ளையா தெரிஞ்சுது," என்றான். "சமாளிச்சுடலாம்னு நெனச்சேன். பத்து போட்டாகணுமே."

புகை தரைவரை இறங்கிவிட்டது. சூரியன் இருந்த இடம் தெரியவில்லை. பழுப்பு வெளிச்சம். ஏழு மணிக்கு அவன் நடுக்கம் நின்றது. நோரீன் பயந்துபோய் அவன் முகத்தைத் தட்டினாள்.

"தூங்காதே! என்னைப் பாரு. குளிருதா?"

"இல்ல. குளிர் விட்டுடுச்சு." குரல் குழைந்திருந்தது. "கால் எரிச்சல்கூடப் போயிடுச்சு. வெதுவெதுன்னு இருக்கு."

விறைத்துச் சாகப்போகிறவர்களுக்குக் கடைசியில் கதகதப்பாக இருக்குமாம், எங்கோ படித்திருக்கிறாள். அவன் கைகளைத் தேய்த்தாள். பனிக்கட்டியாகத்தான் இருந்தன. விரல்கள் நீலம். கை இப்படியிருக்க, காலில் மட்டும் எப்படிக் கதகதப்பு?

காது கொடுத்தாள்.

பனிக்கடியில் ஓடைச் சத்தம். அதற்கு மேலே இன்னொரு சத்தம். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை. சொட்டுகிற தண்ணீர் என்று விட்டிருந்தாள். சொட்டு இப்படிச் சொட்டாது. இழுத்து. நிதானமாக. ஒன்றன்மேல் ஒன்றாக, பல.

சர்ர்க். சர்ர்க்.

பிளவிலிருந்து வந்த காற்று குளிராக இல்லை. புளித்த புல். கெட்டுப்போன பால்.

பனிக்கடியில் ஓடும் அந்த ஓடை வெளியே வரும் குகைவாய் செங்குத்துப் பாறைக்குக் கீழே இருக்கிறது. ஆட்டுக்கு எட்டும். மனுஷனுக்கு எட்டாது. அவள் கொட்டிய உப்பெல்லாம் கரைந்து அந்த வழியாகத்தான் போயிருக்கும். அவன் காலை நனைத்துக்கொண்டு.

நெற்றி விளக்கைப் போட்டாள். கன்னத்தைப் பனியில் வைத்து, அவன் இடுப்புக்கும் பாறைக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒளியை இறக்கினாள்.

முகங்கள். வெள்ளை முகங்கள். நெருக்கியடித்துக்கொண்டு, பதினொன்றும். தாடியெல்லாம் ரோஜா நிறம். நாக்குகள் போயின, வந்தன. பூட்ஸுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, வலது காலில் சிவப்பு என்று எதுவும் மிச்சமில்லை. சுத்தம். அவ்வளவு சுத்தமாக அவள் எந்தப் பல்லையும் துலக்கியதில்லை.

கத்தினாள். ஒன்றும் நிமிரவில்லை. ஒரு கையை உருவி, கல்லெடுத்துப் போட்டாள். அது எலும்பில் பட்டு டொக்கென்றது. வென்டல் முகம் சுளிக்கக்கூட இல்லை.

வெகு கீழே, மரங்களுக்குள், விசில் சத்தம். மீட்புக் குழு. இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்.

"நோரீன்." அவன் அவள் கையைத் தேடிப் பிடித்தான். இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். கண் மூடியிருந்தது. முகத்தில் எவ்வளவோ நாளாக அவள் பார்க்காத நிம்மதி. "காலைத் தேய்ச்சு விடுறது நீதானே?"

அவள் வாயில் எச்சில் ஊறிக் கசந்தது. விழுங்கினாள்.

"ஆமா," என்றாள். "நான்தான்."

"நல்லாயிருக்கு. நிறுத்திடாதே."

கீழே, விளக்கு வெளிச்சத்தில், காதில் மஞ்சள் அட்டை போட்ட ஆடு நிமிர்ந்து அவளைப் பார்த்தது. தன் மூக்கை ஒருதரம் நக்கிக்கொண்டது. பிறகு தலையைத் திருப்பி, அடுத்த காலுக்குப் போனது.